அழுத்தி எழுதும்மா

12-11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நாலாம் நம்பர் மெஷின் மேல் ஒழுகுகிறது. மெஷினை நகர்த்தி, வாளி வைத்தாயிற்று. ரிப்பன் மாற்ற வேண்டியது: 2, 5. ஆறாம் நம்பரில் 'ஈ' தட்டினால் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் விட வேண்டும். போன வாரமும் இதையேதான் எழுதியிருக்கிறேன்.

டைப் அடிக்க வந்த பிள்ளைகள் மூன்று பேர். மழையாம். வெயில் அடித்தாலும் மூன்று பேர்தான். எதிர் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்ததிலிருந்து இப்படி. மனு அடித்துக் கொடுப்பதில்தான் இன்ஸ்டிடியூட் ஓடுகிறது.

இன்று அடித்தது:
நில அளவைக்கு மனு 1
மெடிக்கல் லீவு கடிதம் 1
ரேஷன் கார்டில் பேர் சேர்க்க 2

எல்லாரும் கடைசியில் சொல்வது ஒரே வார்த்தை. "நல்லா அழுத்தி எழுதும்மா." தமிழ் என்றால் 'மிக மிக' போடுவேன். இங்கிலீஷ் என்றால் 'வெரி', அதற்கும் மேலே 'அப்சல்யூட்லி'. பதினேழு வருஷமாக அடிக்கிறேனே, ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறேன். பட்டா வைத்திருப்பவர் 'என் நிலம்' என்பார். இல்லாதவருக்குத்தான் 'அப்சல்யூட்லி என் நிலம்'. நிஜமாகக் காய்ச்சல் வந்தவர் காய்ச்சல் என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்வார். மாமியார் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவருக்கு 'சிவியர்' வேண்டும், 'வெரி ஹை' வேண்டும். இன்று லீவு கடிதம் அடித்துக்கொண்டு போனவர் இரண்டாவது ரகம். கடிதத்தை மடித்துப் பையில் வைக்கும்போதே வாலாஜாபாத் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சாயங்காலம் ஜெயசீலன் சார் வந்தார். மழைக்கோட்டு, மொபெட், பிளாஸ்டிக் கவருக்குள் கையெழுத்துப் பிரதி. ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பில் வேலை செய்கிற சங்கத்துக்கு இவர்தான் பொறுப்பு. வெளிநாட்டு உதவியில் வீடு கட்டித் தருகிறார்கள். அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு வருஷ ரிப்போர்ட், இருபத்திரண்டு பக்கம், இங்கிலீஷ். அடுத்த வாரம் சனிக்கிழமை தபாலில் போகணுமாம். வருஷா வருஷம் தவறாமல் என்னிடம் வருகிறவர் என்று சொல்ல இவர் ஒருவர்தான் மிச்சம்.

கால் வீக்கம். வெந்நீர்.


13-11, புதன்

மழை இல்லை. புழுக்கம். கரண்ட் மூன்று தடவை போயிற்று. கம்ப்யூட்டர் சென்டர் பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என் மெஷின்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன. அல்ப சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

ஜெ. சார் ரிப்போர்ட், பக்கம் 1 முதல் 9 வரை முடித்தேன்.

அவர் இங்கிலீஷ் சுத்தமாக இருக்கும். கிணறு: தோண்டப்பட்டது. அவ்வளவுதான். பால்வாடி: திறக்கப்பட்டது. அவ்வளவுதான். ஏழாம் பக்கத்தில் வீடு வருகிறது. குடும்பம் 31, இந்த வருஷம் கட்டுவது 14. யாருக்கு என்பதைக் குலுக்கல் போட்டு எடுத்தார்களாம். 'கம்ப்ளீட்லி ரேண்டம்' என்று எழுதியிருக்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் அதே குலுக்கல், 'ப்யூர்லி ரேண்டம்'. சந்தேகம் வந்து மிச்சப் பக்கங்களைப் புரட்டினேன். பன்னிரண்டில் 'டோட்டலி அண்ட் ட்ரூலி ரேண்டம்'. கடைசிப் பக்கத்தில் 'அப்சல்யூட்லி'. கிணற்றுக்கு ஒன்றுகூட இல்லை. குலுக்கலுக்கு ஐந்து.

ரேண்டம் என்பதற்கு என் பழைய அகராதியில் 'ஏனோதானோவான' என்று போட்டிருக்கிறது. முழுக்க முழுக்க, சுத்தமாக, அப்பட்டமாக ஏனோதானோ. சிரித்துவிட்டேன். மூன்றாம் நம்பரில் அடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கினதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குலுக்கல் நடந்தது என்றால் நடந்தது என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே. ஐந்து தடவை எதற்கு அடித்துச் சொல்ல வேண்டும்? பட்டா இல்லாதவர் பேச்சு மாதிரி இருக்கிறது. ஜெ. சாரை நல்ல மனுஷர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நமக்கென்ன. அடித்துக் கொடுப்பது வேலை. கூட்டு செய்யப் பூசணி வாங்கினேன், உள்ளே அழுகல்.


14-11, வியாழன்

வானம் மூட்டம். துணி காயவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்து வாசலிலேயே நின்றாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் கன்னியம்மா. ஏரிக்கரை இருளர் குடியிருப்பு. நடவு, களையெடுப்பு என்று கிடைக்கிற வேலைக்குப் போகிறவள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். தரையில்தான் உட்கார்ந்தாள். கலெக்டருக்கு மனு அடிக்க வேண்டும் என்றாள்.

வீடு விஷயமா என்று கேட்டேன். குலுக்கலில் அவளுக்கு விழவில்லையாம். மனு அதற்கில்லையாம்.

"வூடு விழல. அதுக்கு இன்னா மனு போடறது? என் மணி பானையில மாட்டிக்கினு கீது. அத்த குடுக்கச் சொல்லி எழுது டீச்சரம்மா."

ஒற்றை மணிக்காகக் கலெக்டருக்கு மனுவா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். தீபாவளிக்கு முன்னால் குலுக்கல் நடந்திருக்கிறது. பேர் எழுதின சீட்டு போடலாம் என்றுதான் சார் முதலில் சொன்னாராம். இவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எந்தச் சீட்டில் யார் பேர் என்று படிக்கிறவர் சொன்னால்தான் உண்டு. முன்பு யாரோ ஆடு கொடுத்தபோது அப்படித்தான் சீட்டு எடுத்துத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று பேச்சு. அதனால் சார் வேறு யோசனை சொன்னாராம். ஆளுக்கொரு சாமான், தன் வீட்டுப் பொருள், பார்த்தால் தனக்குத் தெரிகிற பொருள், பானையில் போட வேண்டும். எது கையில் வருகிறதோ அதைத் தூக்கிக் காட்டுவார்கள். யார் பொருளோ அவருக்கு வீடு. எழுத்தும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். எல்லாரும் கை தட்டினார்களாம். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கன்னியம்மா போட்டது ஒரு பாசிமணி. பச்சை. அவள் மகள் கல்யாணமாகிப் புருஷனோடு செங்கல் சூளைக்குப் போய் இரண்டு வருஷம். போகிற அன்றைக்குக் கழுத்து மணி அறுந்து வீடெல்லாம் சிதறியது. பொறுக்கிக் கோத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணி மட்டும் அடுப்புச் சந்தில் கிடந்து பிறகு கிடைத்தது. மகள் இன்னும் ஊர்ப்பக்கம் வரவில்லை. "அது வந்தா கோத்துக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். சார் அவசரப்படுத்தனாரு. கைக்கு அதான் வந்துச்சி, போட்டுட்டேன்."

குலுக்கல் முடிந்ததும் பானையை ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு தடவை போயிருக்கிறாள். சார் இல்லை, அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். என் புத்தி இன்னும் ஜெ. சார் மேலேயே இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவாம். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பானையை நன்றாகக் குலுக்கிக் குலுக்கி எடுத்தாராம். ஒரு குறையும் சொல்ல முடியாது என்றாள்.

மனு வேண்டாம், நானே சாரிடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது அவளைக் கேட்டு, விழுந்த பொருள்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. அவளுக்கு ஞாபகம் இருந்தவை: முனுசாமி என்பவருடைய பூட்டு, கரண்டி, சீப்பு, சோப்பு டப்பா, மாட்டுச் சலங்கை, டார்ச் லைட் மூடி, பேட்டரிக் கட்டை, செருப்பு வார்.


15-11, வெள்ளி

மழை. பிள்ளைகள் இரண்டு பேர்.

ரிப்போர்ட் 10 முதல் 16. 'டோட்டலி அண்ட் ட்ரூலி' அடிக்கும்போது கை நின்றது. நேற்றுக் குறித்த சீட்டு டிராயரில். எடுத்துப் பார்த்தேன். பூட்டு, கரண்டி, சீப்பு, சோப்பு டப்பா. எதுவும் சின்னது இல்லை. ஒன்றுகூட இல்லை.

நம் ஊர் பேர் வாங்கினதே அந்தக் காலத்தில் பானையில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்ததில்தான். பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்வெட்டுக் கோயில் எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வது என் உபதொழில். அந்தக் காலத்து ஓலைகள் எல்லாம் ஒரே அளவாக நறுக்கினதாகத்தான் இருக்கும். ஒருவர் பனையோலையும் ஒருவர் வேப்பிலையும் போட்டிருக்க மாட்டார்கள்.

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.


16-11, சனி

மதியம் இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டேன். வீட்டுக்காரருக்கு வாலாஜாபாத் அரிசி மில்லில் இன்று அரை நாள். அவர் வந்தபோது தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு எங்கே என்றார். அப்புறம் என்றேன்.

பானையில் போட்டவை, மொத்தம் 31. பெரியவை: பூட்டு, கரண்டி, சீப்பு, சோப்பு டப்பா, சாவிக்கொத்து, ரிப்பன் டப்பா என்று ஒரு பதினைந்து. சின்னவை: ஊக்கு, சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, திருகாணி, பழைய வளையல் துண்டு, இப்படிப் பதினாறு. பாசிமணி இல்லை. மிளகு போட்டேன்.

அவரைக் கண்ணை மூடச் சொல்லி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் குலுக்கினேன். பதினாலு தடவை. வந்ததில் பெரியது பன்னிரண்டு, சின்னது இரண்டு. மிளகு வரவே இல்லை.

மறுபடியும் போட்டோம். பெரியது பதின்மூன்று. மிளகு இல்லை.

மூன்றாவது தடவை இன்னும் பலமாகக் குலுக்கினேன், நன்றாகக் கலக்கட்டும் என்று. பதினாலும் பெரியது.

இவர் கண்ணைத் திறந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். "நீ குலுக்கறதாலதான் கீழ போவுது. மில்லுல சல்லடைய எதுக்கு ஆட்டறோம்? ஆட்ட ஆட்ட முழு அரிசி மேல வரும், நொய்யி அடியில போயிடும். இதுக்கா சோத்த நிறுத்தி வெச்ச?"

இருபது வருஷம் அந்தச் சல்லடைப் பக்கத்தில் நின்றவர். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். நர்ஸம்மா நியாயமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு குலுக்கினாரோ அவ்வளவுக்கு மணி கீழே போயிருக்கிறது.

ரசம் ஆறிவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.


17-11, ஞாயிறு

ஓயாத மழை. வெளியே போகவில்லை.

ஜெ. சார் ஏமாற்றவில்லை. அது நிம்மதிதான். ஆனால் நடந்தது குலுக்கலும் இல்லை. பெரிய பொருள் வைத்திருந்தவருக்கு வீடு, சின்னப் பொருள் வைத்திருந்தவருக்கு இல்லை. யாரும் நினைத்துச் செய்யவில்லை, அப்படி நடந்துவிட்டது.

சொல்லலாமா, வேண்டாமா. சொன்னால்: சாருக்கு அவமானம், ரிப்போர்ட் தாமதம், வீடு விழுந்த பதினாலு குடும்பத்தின் வயிற்றில் நெருப்பு, எனக்கு அடுத்த வருஷ வேலை போச்சு. சொல்லாவிட்டால்: ஒன்றும் இல்லை. ஐந்து வார்த்தையும் டைப் அடித்துக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

அலுப்பாக இருக்கிறது. எதையாவது தெரிந்துகொண்டால் அதையும் சுமக்க வேண்டியிருக்கிறது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.


18-11, திங்கள்

மழை விட்டது. எதிர்க்கடைக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார். ஒரே நாளில் அடாவடிப் பேச்சு நின்று எல்லாரையும் சாமி என்கிறார்.

பத்து மணிக்கு ஜெ. சார் ஆபீஸ். மணியைக் கேட்டேன். அதுவா, பானையிலேயே கிடக்கும் என்று ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனார். சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் பானை. பழைய பேப்பர் விரித்துக் கவிழ்த்தார். ஊக்கு, பொத்தான், குன்றிமணி, புளியங்கொட்டை, மூக்குத்தித் திருகாணி. பதினேழு பொருள். ஒன்றுகூட என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. பச்சை மணியும் இருந்தது.

விழுந்த பதினாலு எங்கே என்று கேட்டேன். ரெக்கார்டுக்காக ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். அதையும் பக்கத்தில் கொட்டச் சொன்னேன்.

இரண்டு குவியல். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் மில் சல்லடையைச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் யாருக்கும் சாதகமா எதுவும் பண்ணல டீச்சர்."

பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும், வீட்டில் பானை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நானாகத்தான் கேட்டேன், ஏன் சார் அத்தனை கம்ப்ளீட்லி, ப்யூர்லி என்று. போன வருஷம் இவர் தனக்கு வேண்டியவர்களுக்கே உதவி செய்கிறார் என்று வெளிநாட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போயிருக்கிறது. அதிலிருந்து எதை எழுதினாலும் நம்புவார்களோ மாட்டார்களோ என்று பயமாம். எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்தால் போதாத மாதிரி இருக்குமாம், இன்னொரு வார்த்தை சேர்ப்பாராம்.

பொய் சொல்பவருக்குத்தான் அழுத்தம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். பயந்தவருக்கும் வேண்டியிருக்கிறது. அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வாய் விட்டுக் கேட்கவில்லை.

பதினாலு வீட்டுக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டதாம். முனுசாமி அஸ்திவாரத்துக்குக் கல்லே கொண்டுவந்து குவித்துவிட்டாராம். இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். மணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.


19-11, செவ்வாய்

வெயில். கடைசியில் துணி காய்ந்தது.

கன்னியம்மா வந்தாள். மணியைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தொலையாமல் வைத்துக்கொள்ள ஏதாவது கொடு என்றாள். மேஜை மேல் காலித் தீப்பெட்டி இருந்தது. கொடுத்தேன். உள்ளே போட்டு, காதோரம் ஆட்டிப் பார்த்து, சிரித்தாள்.

அந்த நேரத்துக்கு ஜெ. சார் உள்ளே வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, தூங்கியிருக்க மாட்டார். அவள் கையிலிருந்த தீப்பெட்டியையே பார்த்தார்.

"இதே மாதிரி முப்பத்தொண்ணு கிடைக்குமா டீச்சர்?"

டீக்கடை, பெட்டிக்கடை, எதிர்க்கடை சாமி, எங்கள் சமையற்கட்டு. எல்லாம் ஒரே மார்க், ஒரே அளவு. சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு சேர்ந்தது.


20-11, புதன்

வெயில், காற்று. இன்ஸ்டிடியூட் லீவு. சாட்சிக்கு வாருங்கள் என்று சார் கூப்பிட்டார். போனேன். இருபது நிமிஷ நடை. பதினேழு வருஷத்தில் இன்றுதான் அந்தப் பக்கம் போகிறேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கீற்றுக் குடிசைகள், சில கூரை மேல் பிளாஸ்டிக் தாள். பக்கத்தில் மேட்டு நிலத்தில் பதினாலு சுண்ணாம்புக் கட்டம், மழையில் பாதி கரைந்திருந்தது. ஒரு கட்டத்தில் கருங்கல் குவியல். முனுசாமியுடையது.

சார் கோணிமேல் இரண்டு குவியலையும் கொட்டிக் காட்டினார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தப்பு என்னுடையது, திரும்பப் போடலாம் என்றார் சார். இதைக் கண்டுபிடித்தது டீச்சர் என்றும் சொல்லித் தொலைத்தார். எல்லார் கண்ணும் என் மேல்.

அப்புறம் கூச்சல். விழாதவர்கள் போடு என்றார்கள். விழுந்தவர்களில் பாதிப் பேர் முடியாது என்றார்கள். முனுசாமிதான் முன்னால் வந்தார். ஒல்லியான மனுஷர், சத்தமும் போடவில்லை. நான் திருடினேனா, எனக்கு விழுந்தது விழுந்ததுதானே என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர் மனைவி கல் குவியல் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஊரே ஒரு பக்கம் நிற்க, அவரும் வந்தார். பூட்டு தீப்பெட்டிக்குள் போகவில்லை. சாவியைப் போட்டார்.

கன்னியம்மா தன் பெட்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள்.

கோணிப்பை, அதே நர்ஸம்மா, கண்ணில் துணி. முப்பத்தொரு தீப்பெட்டி. பதினாலு எடுத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்கள். குன்றிமணி வந்தது. பொத்தான் வந்தது. சீப்பு வைத்திருந்தவர் இந்தத் தடவை சீப்பின் பல்லை உடைத்துப் போட்டிருந்தார், அதுவும் வந்தது. பச்சை மணி வரும் என்றே நம்பினேன். எத்தனை அலைச்சல், வந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு எண்ணம்.

வரவில்லை.

முனுசாமி சாவியும் வரவில்லை. முன்பு விழுந்த பதினாலில் ஆறு பேருக்குத்தான் மறுபடி விழுந்தது. எட்டுப் பேருக்குப் போச்சு.

கன்னியம்மா பையைக் கொட்டித் தன் தீப்பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போனேன். அவளே சொன்னாள். "அன்னிக்கு அடியில அமுங்கிக்கினு கெடந்துச்சி. இன்னிக்கு எல்லாப் பொட்டியோடயும் ஒரு பொட்டியா கெடந்துச்சி. அது போதும்னு சொல்ல மாட்டேன் டீச்சரம்மா. வூடு வேணும்தான்."

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். கால்.


22-11, வெள்ளி

மூட்டம். பிள்ளைகள் மூன்று. நேற்று முழுக்கப் படுத்திருந்தேன்.

ஜெ. சார் ஏழாம் பக்கத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். முதல் பானை, அதில் நேர்ந்த பிசகு, தீப்பெட்டி, எல்லாம். உதவியை நிறுத்திவிட்டாலும் நிறுத்தட்டும் என்றார். மற்ற பக்கங்களில் மிச்சம் நாலு வார்த்தையையும் அவரே கோடு போட்டு அடித்துவிட்டிருந்தார். வெறும் 'அட் ரேண்டம்'.

அடித்த தாளை வாங்கிப் படித்தார்.

"வெறுமனே இப்படிப் போட்டா நம்புவாங்களா டீச்சர்?"

தெரியவில்லை சார் என்றேன். மொத்தம் 23 பக்கம் ஆயிற்று. கட்டி, ஒட்டி, கவரில் போட்டுக் கொடுத்தேன். நாளைக் காலை தபால்.

ஆறாம் நம்பருக்கு எண்ணெய் விட்டேன். கொஞ்சம் பரவாயில்லை.


23-11, சனி

தூறல். வாளி மறுபடி நாலாம் நம்பர் இடத்தில்.

இன்ஸ்டிடியூட் திறக்கும்போதே முனுசாமி நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் அந்தப் பூட்டு. உள்ளே வரச் சொன்னேன். வந்து நின்றார். உட்காரவில்லை.

கலெக்டருக்கு மனு அடிக்கணுமாம்.

வேறு யாரிடமாவது போகச் சொல்ல வாய் வந்தது. இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள். நான்தான் காரணம் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன்.

"தெரியும் டீச்சரம்மா. சார் சொன்னாரு. அதான் உங்ககிட்டயே வந்தேன். இன்னா நடந்துச்சினு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அவருக்கு வீடு விழுந்தது. ஊரே பார்த்தது. ஒரு மாசம் அது அவர் வீடு. மனைவியும் அவரும் முப்பது நடை கல் சுமந்தார்கள். பிறகு வீட்டை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எதிலும் பொய் இல்லை, ஒரு எழுத்துகூட.

தாள் சொருகினேன். அவர் பூட்டை மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு நெஜமாலுமே விழுந்துச்சி. நல்லா அழுத்தி எழுதும்மா."

'ட்ரூலி' அடித்தேன். அவர் கேட்காமலே பக்கத்தில் இன்னொன்றும் அடித்தேன்.